கடல்நீர் சாம்பிளில் வரிக்குதிரை மீன் வந்திருக்கு. எதை வைக்கலாம், எதை வெட்டலாம்?

அலையெழுத்து

எல்லாருக்கும் வணக்கம். இப்பதான் ஆராய்ச்சிக்குள்ள வந்திருக்கேன், இது என் முதல் டேட்டா. ரெண்டு நாளா மண்டை காயுது, அதான் இங்க வந்து கொட்டறேன்.

பவளப்பாறை ஓரமா 12 இடத்துல தண்ணி எடுத்தோம். ஒவ்வொரு இடத்துலயும் மூணு பாட்டில், பாட்டிலுக்கு ஒரு லிட்டர். 0.45 மைக்ரான் ஃபில்டர்ல வடிகட்டி, அதுலேர்ந்து டிஎன்ஏ எடுத்து, மீன் டிஎன்ஏவைப் பிடிக்கற மைஃபிஷ் பிரைமர் போட்டு பிசிஆர்ல பெருக்கி, எழுத்துவரிசையைப் படிக்க சீக்வன்ஸிங்குக்கு அனுப்பினோம். போன வாரம் ஃபைல் வந்துது.

மேல இருக்கற பேரெல்லாம் எதிர்பார்த்ததுதான். கிளிமீன், களவா, வண்ணாத்தி மீன். பார்த்ததும் மனசு குளிர்ந்துது. அப்புறம் லிஸ்ட்டோட வால் பக்கம் போனேன். வரிக்குதிரை மீன்! ஆராய்ச்சிக் கூடத்துல தொட்டி தொட்டியா வளக்கறாங்களே, அந்த நன்னீர் மீனேதான். அடுத்து அட்லாண்டிக் சால்மன், இந்த வெதுவெதுப்பான கடல்ல. அடுத்து கோழி. கோழிங்க!

கடைசியா ஒண்ணு எந்தப் பேரோடயும் முழுசா ஒட்டல. டேட்டாபேஸ்ல அதுக்குக் கிட்டத்துல இருக்கறது ஒரு உளுவை. ஆனா 96 சதவீதம்தான் பொருந்துது.

சீனியர் சொல்றது இது: 97க்குக் கீழ பொருந்தறது குப்பை, 100 ரீட்ஸுக்கு (மெஷின் படிச்ச துண்டுகளோட எண்ணிக்கை) கீழ இருக்கறது குப்பை, கண்ணை மூடிட்டு வெட்டு. அப்படி வெட்டினா சால்மன் போயிடும், உளுவையும் போயிடும். ஆனா வரிக்குதிரை மீன் ஜம்முனு உக்காந்திருக்கும், அதுக்கு ரீட்ஸ் ஆயிரக்கணக்குல இருக்கு. இதுதான் உறுத்துது. வெட்டுக்கத்தி தப்பான ஆளை விட்டுட்டு மத்தவனை வெட்டுதோன்னு.

பைப்பட்டும்_நானும்

லிஸ்ட்டை அப்புறம் பார்ப்போம். முதல்ல பிளாங்க் எங்கே, மாசு இருக்கான்னு பார்க்க வைக்கற வெறும் சாம்பிள்?

மூணு பிளாங்க் இருக்கணும். படகுல ஒண்ணு: லேபிலிருந்து கொண்டுபோன சுத்தத் தண்ணியை அங்கேயே திறந்து, அதே கையால, அதே பம்ப்ல வடிகட்டினது. டிஎன்ஏ எடுக்கும்போது ஒண்ணு: வெறும் ஃபில்டர். பிசிஆர்ல ஒண்ணு: வெறும் தண்ணி. இந்த மூணுல எதுல வரிக்குதிரை மீன் தலைகாட்டுதோ அங்கதான் கதவு திறந்து கிடந்திருக்கு. பிளாங்க் இல்லாத லிஸ்ட்டை நான் ராசிபலன் மாதிரிதான் படிப்பேன்.

நானும் பட்டவதான். ஒரு பயணத்துல எல்லா சாம்பிள்லயும் ஒரே மீன் வந்துது, கரைலேர்ந்து ஆழ்கடல் வரைக்கும், ஒரே அளவுல. பேப்பரே எழுத ஆரம்பிச்சாச்சு. அப்புறம்தான் ஞாபகம் வந்துது, தண்ணி மொண்ட வாளி படகுக்காரரோடது. முந்தின நாள் அதுலதான் அவர் மீன் கழுவியிருக்கார். வாளியை நாங்களும் கழுவினோம், கடல் தண்ணியால. இப்ப பிளீச்சிங் கரைசல்ல ஊறவைக்காம எதையும் தண்ணிக்குள்ள விடறதில்ல. டிஎன்ஏவை உடைக்கறதுக்கு அதைவிட மலிவான சாமான் கிடையாது. ஊறினதும் நல்லா அலசணும். மிச்சம் ஒட்டியிருந்தா சாம்பிள்ல இருக்கற டிஎன்ஏவையும் சேர்த்துத் தின்னுடும்.

சும்மா_வந்தவன்

துறைக்கு வெளியாள். தண்ணியை வடிகட்டினா மீன் பேரு எப்படிக் கிடைக்கும்? மீனையே பிடிக்கலையே நீங்க.

பைப்பட்டும்_நானும்

மீன் நீந்தும்போது சும்மா நீந்தறதில்ல. உடம்பு வழவழப்பு, உதிர்ந்த செதில், கழிவு, முட்டையிடற காலத்துல விந்து எல்லாத்தையும் தண்ணியில விட்டுட்டுத்தான் போகுது. அதுல இருக்கற செல்லும் உடைஞ்ச டிஎன்ஏவும் ஃபில்டர்ல மாட்டும். ஒரு லிட்டர் வடிஞ்சதும் வெள்ளை ஃபில்டர் லேசா பழுப்பு ஏறியிருக்கும். அந்தப் பழுப்புல முக்கால்வாசி பாக்டீரியாவும் பாசியும்தான், மீனோட பங்கு துளியூண்டு. அந்தத் துளியை மட்டும் பெருக்கறதுக்குத்தான் பிரைமர். மைட்டோகாண்ட்ரியாவுல 12எஸ்னு ஒரு ஜீன் இருக்கு. அதுல ஏறக்குறைய 170 எழுத்து நீளத் துண்டு ஒண்ணு. துண்டோட ரெண்டு முனையும் எல்லா மீனுக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி, நடுவுல இனத்துக்கு இனம் மாறும். முனையைப் பிடிச்சுப் பெருக்கி, நடுவைப் படிச்சு, டேட்டாபேஸ்ல தேடறோம்.

மைஃபிஷ் 2015ல ஜப்பான்ல வந்தது. சோதிச்ச விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒகினாவாவுல சுராவுமி மீன்காட்சியகத்துப் பெரிய தொட்டிகள்லேர்ந்து தண்ணி எடுத்தாங்க. உள்ள என்ன மீன் இருக்குன்னு கணக்கு ஏற்கெனவே கையில இருக்கு, 180 இனம். தண்ணி மட்டும் பார்த்து 168ஐக் கண்டுபிடிச்சுட்டாங்க. பதில் தெரிஞ்ச கேள்வியைக் கருவிகிட்ட கேட்டுப் பார்த்திருக்காங்க. கடல்ல அந்த வசதி கிடையாது.

ஜாடிக்காரர்

நாற்பது ஆண்டுகளாக மீன்களை ஜாடியில் போட்டுப் பெயர் எழுதி வந்தவன் நான். ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன்.

உங்கள் இயந்திரம் தருவது பெயர் அல்ல, ஒப்புமை. “இந்த எழுத்துவரிசை அந்த எழுத்துவரிசையைப் போல இருக்கிறது” என்பதோடு அதன் வேலை முடிந்தது. அந்த எழுத்துவரிசைக்கு மீன் பெயரை ஒட்டியவர் யார்? எங்கோ ஒருவர் ஒரு மீனைக் கையில் வைத்து, துடுப்பு முள்ளை எண்ணி, செதில் வரிசையை எண்ணி, இன்ன மீன் என்று முடிவு செய்தார். அவர் தவறி இருந்தால் உங்கள் டேட்டாபேஸ் தவறும், அதை நம்பும் ஆயிரம் பேரும் தவறுவார்கள். சந்தேகம் வந்தால் எடுத்துப் பார்க்க அந்த மீனே ஒரு அருங்காட்சியகத்தில் இருக்க வேண்டும். பல பதிவுகளுக்கு அப்படி எதுவும் இல்லை. துண்டு திசுவும் ஒரு பெயரும் மட்டும்தான்.

உளுவைக் குடும்பம் எத்தனை பெரியது தெரியுமா அம்மா? கிட்டத்தட்ட 2,000 இனங்கள். பாதி விரல் நீளம்கூட இல்லாத மீன்கள், பாறை இடுக்கை விட்டு வெளியே வராதவை. அவற்றில் எத்தனைக்கு 12எஸ் வரிசை போட்டு வைத்திருக்கிறீர்கள்? 96 சதவீதம் என்றால் அது குப்பை என்று உங்கள் சீனியருக்கு யார் சொன்னது?

பூலியன்_பூனை

ஐயா சொல்றது சரி. 97ங்கறது கல்வெட்டு இல்ல. வரிசைகளைக் குவியல் குவியலா பிரிக்கறதுக்கு ஒரு காலத்துல வசதியா வெச்ச கோடு, அவ்வளவுதான். இதே 12எஸ்ல சூரை இனங்கள் சில ஒண்ணுக்கொண்ணு பிரிச்சே பார்க்க முடியாத அளவுக்கு ஒரே மாதிரி இருக்கும். அங்க 100 சதவீதம் பொருந்தினாலும் இனம் எதுன்னு சொல்ல முடியாது. வேற குடும்பத்துல 98க்கே ரெண்டு வேற மீன் இருக்கும். கோடு குடும்பத்துக்குக் குடும்பம் மாறணும்.

சால்மனுக்கு வருவோம். சீக்வன்ஸிங்கை வெளிய குடுத்தீங்களா? அதே ஓட்டத்துல வேற யாரோட சாம்பிளும் இருந்துதா? ஒவ்வொரு சாம்பிளுக்கும் ஒரு சின்ன வால் எழுத்து ஒட்டி, எல்லாத்தையும் ஒண்ணா கலந்துதான் மெஷின்ல விடறாங்க. அப்புறம் வாலைப் பார்த்துப் பிரிக்கறாங்க. இந்த வால் அப்பப்ப தாவும். பக்கத்து ஆளோட டிஎன்ஏ உங்க வாலை மாட்டிக்கிட்டு உங்க ஃபைல்ல வந்து உக்காரும். தாவறது ரொம்பச் சின்ன பங்குதான், ஆனா மொத்தம் கோடிக்கணக்குல ரீட்ஸ் ஓடறப்ப சின்ன பங்கும் சில டஜன் ஆகும். ரெண்டு முனையிலயும், வேற எந்த சாம்பிளுக்கும் குடுக்காத தனி வால் வெச்சா தாவினதைக் கண்டுபிடிச்சுக் கழிச்சுடலாம். ஒரே முனைன்னா கஷ்டம்.

அலையெழுத்து

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. ஐயா, நீங்க கேட்டதை அப்படியே சீனியர்கிட்ட கேட்டேன். இன்னும் பேசலை என்கூட.

பிளாங்க் பார்த்தாச்சு அக்கா. படகு பிளாங்க்ல வரிக்குதிரை மீன் இல்ல. டிஎன்ஏ எடுத்தப்ப வெச்ச வெறும் ஃபில்டர்ல வரிக்குதிரை மீன் இருக்கு, நல்லாவே இருக்கு. வெக்கமா இருக்கு சொல்ல: அதே வராந்தாவுல மூணாவது ரூம்தான் வரிக்குதிரை மீன் தொட்டிகள் இருக்கற ரூம். சென்ட்ரிஃப்யூஜ் பொது. என் மண்டையில இது ஏன் தோணலைன்னு தெரியல.

கோழி எல்லா பிளாங்க்லயும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கு. சால்மன் எந்த பிளாங்க்லயும் இல்ல, ஆனா ரெண்டே சாம்பிள்ல இருக்கு. வால் எத்தனைன்னு சீக்வன்ஸிங் பண்ணின இடத்துல கேட்டிருக்கேன்.

உளுவை மூணு இடத்துல வந்திருக்கு. அந்த மூணு இடமும் பக்கத்துப் பக்கத்துல. மூணுலயும் மூணு பாட்டில்லயும் இருக்கு. ரீட்ஸ் என்னமோ 40, 60னுதான்.

பைப்பட்டும்_நானும்

வெக்கப்படாத. பிளாங்க் வெச்சதே பாதி வெற்றி. பல பேர் செலவு மிச்சம்னு அதை சீக்வன்ஸிங்குக்கே அனுப்பறதில்ல.

கோழிக்கு வீணா அலையாத. பிசிஆர் ரசாயனங்கள்லயே கோழி, மாடு, பன்றி டிஎன்ஏ துளித்துளியா வரும். பழங்கால எலும்புல டிஎன்ஏ தேடறவங்க இதைப் பத்தி ரொம்ப நாளா புலம்பிட்டிருக்காங்க. கழிவுநீர்லேர்ந்தும் வரும். உன் பிளாங்க்லயே இருக்கறதால ரசாயனம்தான்னு வெச்சுக்கோ.

உளுவையைத் தொடாதே. தனித்தனியா எடுத்த பாட்டில் மூணுலயும் வர்றது, பிளாங்க்ல இல்லாதது, பக்கத்துப் பக்கத்து இடத்துல மட்டும் வர்றது. 40 ரீட்ஸா 4,000 ரீட்ஸாங்கறதைவிட இதுதான் எனக்குப் பெரிய சாட்சி.

சும்மா_வந்தவன்

ரீட்ஸ் அதிகம்னா மீன் அதிகம்னு அர்த்தம் இல்லையா அப்ப? அதை வெச்சுக் கணக்கெடுத்துடலாம்னு நினைச்சேன்.

பூலியன்_பூனை

எல்லாரும் அங்கதான் வழுக்கி விழறது.

பிசிஆர்ல ஒவ்வொரு சுத்துக்கும் துண்டு இரட்டிக்கும். ஒரு மீனுக்குப் பிரைமர் கச்சிதமா ஒட்டுது, சுத்துக்கு 2 மடங்கு. இன்னொரு மீனுக்கு ஒரு எழுத்து ஒட்டல, சுத்துக்கு 1.9 மடங்கு. ஆரம்பத்துல ரெண்டும் சமம்னு வெச்சுக்குங்க. 35 சுத்து முடிஞ்சதும் ரெண்டாவது மீன் முதலாவதுல ஆறுல ஒரு பங்குதான் இருக்கும். கடல்ல ஒண்ணும் மாறல, குழாய்க்குள்ள மாறிடுச்சு. சுறா, திருக்கைக்கு இந்தப் பிரைமரோட பொது வடிவம் சரியா ஒட்டாதுன்னுதான் அதுங்களுக்குன்னு தனி வடிவமே செஞ்சாங்க. அதனால லிஸ்ட்ல சுறா இல்லன்னா கடல்ல சுறா இல்லன்னு அர்த்தம் ஆகாது.

இது போக பெரிய மீன் நிறைய உதிர்க்கும், பயந்த மீன் நிறைய உதிர்க்கும், முட்டையிடற வாரம்னா சொல்லவே வேண்டாம். ஒரே இனத்துக்குள்ள போன வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும் ஒப்பிடலாம், அதுவும் ஜாக்கிரதையா. ரெண்டு இனத்தை ரீட்ஸ் வெச்சு ஒப்பிடாதீங்க.

கரையோரம்

எல்லாத்துக்கும் வலை போட்டுப் பிடிச்சுப் பார்த்தா முடிஞ்சுது. இத்தனை மெஷின், இத்தனை செலவு, கடைசியில கோழி.

பைப்பட்டும்_நானும்

கோழிக்குச் சிரிச்சுட்டேன் :)

ஆனா வலைக்கும் கண்ணு கிடையாது. கண்ணித்துளையை விடச் சின்னது நழுவிடும், பாறை இடுக்குல இருக்கறது சிக்காது, வேகமா ஓடறது தப்பிச்சுடும், ஜெல்லி மாதிரி உடம்பு இருக்கறது கிழிஞ்சு கூழாயிடும். முக்குளிச்சுப் பார்த்தா பகல்ல வர்றது மட்டும்தான் தெரியும். தண்ணியை மொண்டா இதெல்லாமே கொஞ்சம் கொஞ்சம் வரும். பதிலுக்கு வலை தர்ற நீளம், வயசு, ஆணா பெண்ணாங்கறது எதையும் தண்ணி தராது. உயிரோட இருக்கா செத்து அழுகுதாங்கறதையும் தராது. ரெண்டும் வேற வேற கேள்விக்குப் பதில்.

சும்மா_வந்தவன்

இந்த டிஎன்ஏ தண்ணியில எத்தனை நாள் கிடக்கும்? போன வருஷம் போன மீனை இப்ப பிடிச்சுடாதா?

நுண்ணோக்கி

மேல்தண்ணியில சில மணி நேரத்துலேர்ந்து சில நாள். வெப்பம், வெயில், முக்கியமா பாக்டீரியா தின்னுடும். சேத்துல புதைஞ்சா கதை வேற. களிமண் துகளோட ஒட்டிக்கிட்டா நுண்ணுயிரால சுலபமா தொட முடியாது. கிரீன்லாந்து வடக்கு முனையில காப் கோபன்ஹேவன்னு ஒரு படிவு இருக்கு, 20 லட்சம் வருஷப் பழசு. 2022ல அதுலேர்ந்து டிஎன்ஏ எடுத்தப்ப யானை வகை மிருகம், பாப்ளர் மரத்தோட குதிரைலாட நண்டும் வந்துது. இன்னிக்கு அந்தக் குளிர்ல அந்த நண்டு வாழாது. அப்ப அந்தக் கடல் எவ்வளவு வெதுவெதுப்பா இருந்திருக்கணும்னு ஒரு நண்டு சொல்லிட்டுப் போகுது.

சரி, நீங்க எல்லாரும் மீன், மீன்னே பேசறதைப் பார்த்துட்டு சும்மா இருக்க முடியல. ஒரு மில்லி கடல்நீர்ல ஏறக்குறைய 10 லட்சம் பாக்டீரியா, வைரஸ் அதைப் போல பத்து மடங்கு. ஜெனோம் (ஒரு உயிரோட முழு டிஎன்ஏ) படிக்கற முறைகள் கடல்ல உண்மையில புரட்டிப் போட்டது இங்கதான். மீனையாவது கண்ணால பார்த்து எண்ணலாம். இதுல பெரும்பாலானது தட்டுல வளரவே மாட்டேங்குது.

1990ல அட்லாண்டிக்ல இருக்கற சர்காசோ கடல் தண்ணியில ஜியோவன்னோனி குழு, பாக்டீரியாவை அடையாளம் காட்டற 16எஸ் ஜீன் மட்டும் எடுத்துப் பார்த்தாங்க. யாருக்கும் தெரியாத ஒரு கூட்டம் கிடைச்சுது, சார்11னு பேரு. பூமியிலயே மிக அதிகமா இருக்கற உயிரினங்கள்ல ஒண்ணு அது, அதுவரைக்கும் ஒருத்தரும் பார்த்ததில்ல. லேபில வளர்க்க 2002 வரைக்கும் ஆச்சு. வளராததுக்குக் காரணம் வேடிக்கை: நாம குடுத்த சாப்பாடு அதிகம். அது பட்டினிக் கடலுக்குப் பழகின உயிர். ஜெனோமே 13 லட்சம் எழுத்துதான், உபரியா ஒரு வரி கிடையாது.

வெண்டர் குழு 2004ல அதே சர்காசோ தண்ணியை மொத்தமா சீக்வன்ஸ் பண்ணினாங்க, பிரைமரே இல்லாம. 12 லட்சம் புது ஜீன். ஆனா ஒரு சாம்பிள்ல மட்டும் ஷிவனெல்லா, பர்க்ஹோல்டேரியாங்கற பாக்டீரியாக்கள் அளவுக்கு மீறி வந்துது. திறந்த கடல்ல அது இருக்கற மாதிரி இல்லையே, மாசு ஆச்சான்னு துறைக்குள்ள கேள்வி கிளம்பிடுச்சு. அலையெழுத்து, நீங்க தனியா இல்ல. பெரிய கப்பலுக்கும் வாளிப் பிரச்சினை உண்டு.

சும்மா_வந்தவன்

பார்க்காத உயிரை ஜீன் மட்டும் வெச்சு இருக்குன்னு சொல்றது கொஞ்சம் பேய்க்கதை மாதிரி இல்ல?

நுண்ணோக்கி

பேய்க்கதைன்னே வெச்சுக்குங்க, கடைசியில பேய் பிடிபட்ட கதை ஒண்ணு சொல்றேன்.

காத்துல இருக்கற நைட்ரஜனைப் பிடிச்சு உரமா மாத்த ஒரு நொதி வேணும். 1998ல ஜானதன் ஸேர் பசிபிக் தண்ணியில அந்த நொதி ஜீனோட ஒரு சின்ன துண்டைக் கண்டுபிடிச்சார். தெரிஞ்ச எதோடயும் ஒட்டல. துண்டு இருக்கு, உடம்பு இல்ல. உங்க உளுவை மாதிரியேதான். யுசின்-ஏன்னு தற்காலிகப் பேரு வெச்சாங்க.

செல்களைப் பிரிச்சு ஜெனோமைப் படிச்சா இன்னும் விசித்திரம். சயனோபாக்டீரியா, அதாவது ஒளிச்சேர்க்கை பண்ற பாக்டீரியா வகை, ஆனா ஆக்சிஜன் விடற ஒளிச்சேர்க்கை இயந்திரமே காணோம். கார்பனைப் பிடிக்கற வழியும் இல்ல. சமையலறையே இல்லாத வீடு. அப்ப எங்கயோ யாரோ சோறு போடறாங்கன்னு ஜெனோமே காட்டிக்குடுத்துடுச்சு. 2012ல ஆளும் தெரிஞ்சுது, ஒரு குட்டிப் பாசி. அது சர்க்கரை குடுக்கும், இது நைட்ரஜன் குடுக்கும்.

ஆனா அந்தப் பாசியை லேபில வளர்க்க முடியல. ஜப்பான்ல கியோகோ ஹாகினோ பத்து வருஷத்துக்கு மேல அதுக்காகவே திரும்பத் திரும்பக் கடலுக்குப் போய்த் தண்ணி எடுத்து வளர்த்தார். வளர்ந்த பிறகுதான் உள்ள பார்க்க முடிஞ்சுது: பாசி பிரியும்போது இதுவும் கணக்கா கூடவே பிரியுது, தனக்கு வேணும்கற புரதங்கள்ல ஒரு பெரிய பங்கைப் பாசிகிட்ட இருந்தே வாங்கிக்குது. 2024ல அறிவிச்சாங்க, இது தனி பாக்டீரியா இல்ல, செல்லோட உறுப்பாவே ஆயிடுச்சு, மைட்டோகாண்ட்ரியா மாதிரி. நைட்ரோபிளாஸ்ட்னு பேரு. ஒரு துண்டு ஜீன்லேர்ந்து அங்க வர 26 வருஷம்.

ஜாடிக்காரர்

இது நல்ல கதை. ஒன்றைக் கவனியுங்கள்: முடித்துவைத்தது வளர்ப்பு. கண்ணால் பார்த்த பிறகுதான் விளங்கியது.

சரி, நுண்ணுயிருக்கு ஒப்புக்கொள்கிறேன். கண்ணுக்குத் தெரியும் மீனுக்கு, பெயர் சொல்வதைத் தவிர, இந்த ஜெனோம் வேறு என்ன செய்தது? சண்டைக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான்.

பூலியன்_பூனை

ஹெர்ரிங் மீன்தான் என் பதில் ஐயா. வடக்கு அட்லாண்டிக்ல ஒரு கூட்டம் வசந்தத்துல முட்டையிடும், இன்னொண்ணு இலையுதிர்காலத்துல. பழைய மார்க்கர்கள், அதாவது டிஎன்ஏவுல அங்கங்க சில அடையாள இடங்கள், அதை மட்டும் வெச்சுப் பார்த்தப்ப ரெண்டுக்கும் வித்தியாசமே இல்லங்கற மாதிரி வந்துது. மந்தை பெரிசு, லார்வா கலக்குது, பொதுவான ஜெனோம் எல்லாம் ஒரே கஞ்சி. முழு ஜெனோமையும் படிச்சதும்தான் தெரிஞ்சுது, பெரும்பாலான இடத்துல ஒண்ணா இருந்துட்டு, சில இடத்துல மட்டும் கோடு கிழிச்ச மாதிரி பிரியுது. அதுல ஒண்ணு தைராய்டு ஹார்மோனைத் தூண்டற ஏற்பி ஜீன், பகல் நீளத்தை வெச்சு இனப்பெருக்கக் காலத்தை முடிவு பண்ற இடம். ஒரே மந்தைன்னு நினைச்சுப் பிடிச்சா, ஒரு பருவத்து மீனை மட்டும் தீர்த்துடுவோம், மொத்தக் கணக்குல அது தெரியவே தெரியாது.

இன்னொண்ணு. பால்டிக் கடல் தண்ணி செம்மை தட்டினது, அங்க போற வெளிச்சமே வேற. அங்க இருக்கற ஹெர்ரிங்குக்குக் கண்ணுல இருக்கற ரோடாப்சின் புரதத்துல 261ஆவது இடத்துல ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கு, அதனால சிவப்புப் பக்கம் கொஞ்சம் கூட நல்லா தெரியும். அதே இடத்துல அதே மாற்றம் நன்னீருக்கும் உவர்நீருக்கும் போன வேற வேற மீன்கள்லயும் தனித்தனியா நடந்திருக்கு. இதைத் துடுப்பு முள்ளு எண்ணித் தெரிஞ்சுக்க முடியாதுல்ல?

ஜாடிக்காரர்

முடியாது தம்பி.

பைப்பட்டும்_நானும்

பவளத்தையும் சேர்த்துக்கோங்க. திசுக்குள்ள குடியிருக்கற பாசி எல்லாத்தையும் ஒரே பேர்ல சிம்பயோடினியம்னே ரொம்ப நாள் சொல்லிட்டிருந்தோம், உருண்டையா பழுப்பா எல்லாம் ஒண்ணு போலத்தான் தெரியும். ஜீன் பார்த்து 2018ல பல பேரினமா பிரிச்சாங்க. சூட்டைத் தாக்குப்பிடிக்கற டுருஸ்டினியம்ங்கற பாசி உள்ள வந்தா அக்ரோபோரா வகைப் பவளம் ஒரு டிகிரிலேர்ந்து ஒண்ணரை டிகிரி வரைக்கும் கூடுதலா தாங்கும். ஆனா வளர்ச்சி மெதுவாகும். சூட்டைத் தாங்கறதுக்கு வாடகை அது. நுண்ணோக்கியில ரெண்டு உருண்டையும் ஒண்ணுதான்.

எனக்குப் பிடிச்ச கதை திமிங்கில இறைச்சி. 90கள்ல பேக்கர், பலும்பின்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஜப்பான் கடைகள்ல விக்கற இறைச்சி எந்தத் திமிங்கிலம்னு பார்க்கப் போனாங்க. திசுவை நாட்டை விட்டுக் கொண்டுபோக முடியாது, அழியும் உயிரின வணிகச் சட்டம் தடுக்கும். அதனால பிசிஆர் கருவியையே ஓட்டல் ரூமுக்குக் கொண்டுபோய் வெச்சு, அங்கேயே பெருக்கி, கருவி செஞ்ச நகலை மட்டும் எடுத்துட்டு வந்தாங்க. நகல் திமிங்கிலம் இல்லையே! 1994ல வெளியிட்டாங்க. பிடிக்கக் கூடாத இனங்களும் அதுல இருந்துது.

அலையெழுத்து

பத்து நாள் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும்.

ஒண்ணு: சீக்வன்ஸிங் இடத்துலேர்ந்து பதில் வந்துது. அதே ஓட்டத்துல வேற குழுவோட சால்மன் வேலை இருந்திருக்கு, எங்க சாம்பிளுக்கு ஒரே முனையில்தான் வால். அந்த ரெண்டு சாம்பிளையும் ரெண்டு முனையிலயும் தனி வால் வெச்சு மறுபடி ஓட்டினோம். சால்மன் மறைஞ்சுடுச்சு. பூனைக்கு ஒரு கும்பிடு.

ரெண்டு: மிச்சம் வெச்சிருந்த பாதி ஃபில்டர்களை வேற கட்டிடத்துல, வேற சென்ட்ரிஃப்யூஜ்ல, புது ரசாயனத்துல முதல்லேர்ந்து பண்ணினேன். வரிக்குதிரை மீன் போச்சு. கோழி குறைஞ்சுது, போகல.

மூணு: உளுவை அதே மூணு இடத்துல, அதே எழுத்துவரிசையோட, ஒரு எழுத்து மாறாம வந்திருக்கு. அதே தண்ணியில, இனம் கண்டுபிடிக்க உதவற இன்னொரு ஜீனான சிஓஐக்கும் பிரைமர் போட்டுப் பார்த்தேன். அங்கயும் உளுவைக் குடும்பம்தான், எந்த இனத்தோடயும் ஒட்டல. சீனியர் இப்ப பேசறார்.

ஜாடிக்காரர் ஐயா, உங்ககிட்ட ஒரு கேள்வி. பவளப்பாறை இடுக்கு உளுவை ஏதாவது உங்க சேகரிப்புல இருக்கா?

ஜாடிக்காரர்

இருக்கிறது, ஆனால் அவசரப்பட வேண்டாம். எங்கள் காலத்தில் எல்லாவற்றையும் முதலில் ஃபார்மலினில் போட்டுவிட்டு, பிறகு அலசி 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றுவோம். லேபிளில் ஆல்கஹால் என்றுதான் இருக்கும். ஆனால் ஃபார்மலின் அதற்குள் டிஎன்ஏவைப் புரதத்தோடு பிணைத்துத் துண்டுதுண்டாக்கி இருக்கும். மீன் அழகாக இருக்கும், படிக்க ஒன்றும் இருக்காது. அந்த ஜாடிகளில் உங்களுக்கு உதவுவது எதுவும் இல்லை என்றுதான் முதலில் எழுத இருந்தேன்.

நேற்று இரவு களக்குறிப்பேட்டைப் புரட்டினேன். ஒரு பயணத்தின் கடைசி நாளில் “ஃபார்மலின் தீர்ந்தது, நேராக ஆல்கஹால்” என்று என் கையெழுத்தில் இருக்கிறது. அன்று என் மேல் எனக்கே கோபம், மீன் சுருங்கிவிடும் என்று. அந்த நாளின் ஜாடியில் சிறிய உளுவைகள் நான்கு. முதுகுத்துடுப்பு முள் எண்ணிக்கை எனக்குத் தெரிந்த எந்த விவரணையோடும் சரியாகச் சேரவில்லை என்பதால் அப்போதே பெயர் எழுதாமல், “உளுவை, இனம் தெரியவில்லை” என்று விட்டிருக்கிறேன்.

அலையெழுத்து

ஐயா!!! ஒரு துளி திசு போதும். எப்படி எடுக்கணும், எங்க வரணும் சொல்லுங்க.

பைப்பட்டும்_நானும்

வரிக்குதிரை மீன் வராந்தா பக்கம் அந்த ஜாடியைக் கொண்டுபோகாத.

ஜாடிக்காரர்

நான் வெட்டித் தருகிறேன், நீங்கள் குழாயும் புது பிளேடும் கொண்டு வாருங்கள், ஒவ்வொரு மீனுக்கும் ஒரு பிளேடு. வலப்பக்க மார்புத்துடுப்பிலிருந்து மட்டும்தான் தருவேன். இடப்பக்கத்தைத் தொடக் கூடாது. புதிய இனம் என்று ஆகிவிட்டால் படம் அந்தப் பக்கத்தைத்தான் எடுக்க வேண்டும்.